பெயரைப் போட்டது சரியா? நைட்ஜாக் வழக்கும் என் பழைய மெமோவும்

வாசகர் கேள்வி, மார்ச் 4
பெயரை மறைத்து எழுதுகிற ஒருவரை, அவர் வேண்டாம் என்று கெஞ்சிய பிறகும் ஒரு பத்திரிகை பெயர் போட்டுக் காட்டிக்கொடுக்கலாமா? கூடாது என்பவர்கள் எந்தச் சட்டத்தில் கூடாது என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2009இல் நைட்ஜாக் வழக்கில் நீதிமன்றமே போடலாம் என்றுவிட்டது. அப்புறம் என்ன பேச்சு?

மார்ச் 4, இரவு 9.50
நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. முழுதாக முடிய மேலும் நான்கரை ஆண்டுகள் ஆயின.

விவரம் தெரியாதவர்களுக்காக: லங்காஷயர் காவல்துறையில் துப்பறியும் பிரிவுக் காவலர் ஒருவர், 2008இல் நைட்ஜாக் என்ற பெயரில் இணையத்தில் எழுதத் தொடங்கினார். ஊர் பெயர் இல்லை, நிலையத்தின் பெயர் இல்லை. காவலர் வேலையின் சலிப்பு, படிவங்கள், மேலிடத்து இலக்குகள், திரும்பத் திரும்ப வந்து நிற்கும் அதே குடிகாரர்கள். அமைச்சர்களையும் விடவில்லை. 2009 ஏப்ரலில் அவருக்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது. வலைப்பதிவுக்கென்று அந்தப் பரிசை அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். பரிசு வந்ததும் 'தி டைம்ஸ்' செய்தியாளர் ஒருவருக்கு இவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. மே மாதக் கடைசியில் பத்திரிகையிலிருந்து அவருக்கே தொலைபேசி வந்தது. அவர் நீதிமன்றத்துக்கு ஓடினார். ஜூன் 16ஆம் தேதி நீதிபதி ஈடி தடை கொடுக்க மறுத்தார். பெயர் வெளியே வந்தது.

நீதிபதி சொன்ன காரணம் எளிமையானது. ஊர் பார்க்க எழுதுவது பொதுச் செயல், அந்தரங்கச் செயல் அல்ல. ஆகவே எழுதியவர் யார் என்பதை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, எழுதுபவர் பணியில் இருக்கும் காவலர் என்பதை மக்கள் அறிவதில் பொதுநலனும் இருக்கிறது என்றார்.

மீதியை நாளை எழுதுகிறேன். மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

மார்ச் 4, இரவு 10.20
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆர்வெல் என்பதே புனைபெயர். அந்த ஆங்கில எழுத்தாளரின் சொந்தப் பெயர் எரிக் பிளேர். புனைபெயர்க்காரர் பெயரில் ஒரு பரிசு, அதை வாங்கிய இன்னொரு புனைபெயர்க்காரர், வாங்கியதாலேயே மாட்டிக்கொண்டார்.

மார்ச் 5, காலை 7
'நம் ஊரில் புதுமைப்பித்தன், கல்கி, சுஜாதா எல்லோரும் புனைபெயர்தானே, அவர்கள் பெயரைச் சொன்னால் குற்றமா' என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். ஐயா, புதுமைப்பித்தன் சொ. விருத்தாசலம் என்பதும் சுஜாதா ரங்கராஜன் என்பதும் அவர்கள் காலத்திலேயே வாசகர்களுக்குத் தெரியும். அவை சூட்டிக்கொண்ட பெயர்கள். நைட்ஜாக் போர்த்திக்கொண்ட பெயர். போர்வையை உருவினால் குளிரும்.

காவலரின் உண்மைப் பெயரை ஏன் எழுதவில்லை என்றும் கேட்டிருக்கிறார்கள். பொது ஆவணங்களில் இருக்கிறது, தேடினால் அரை நிமிடம். பிறகு அவரே வெளிப்படையாகப் பேசவும் செய்தார். இருந்தாலும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தப் பேச்சுக்கு என்ன கூடிவிடப்போகிறது? செய்தியாளர் பெயரும் அப்படியே.

மார்ச் 5, மாலை 6.30
என் கதையைச் சொன்னால்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை சூடு என்று புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எங்கள் ஊரில் அப்போது ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. நான்கு பக்கம், கையில் மை ஒட்டும். அதில் 'எடைக்கல்' என்ற பெயரில் மாதம் ஒன்றிரண்டு கடிதங்கள் எழுதுவேன். எல்லாம் ரேஷன் கடை விவகாரம்தான். மண்ணெண்ணெய் ஊற்றும் லிட்டர் குவளையின் அடிப்பாகம் உள்பக்கமாகக் குழிந்திருக்கும். ஊற்றும்போது எழும் நுரை அடங்குவதற்குள் புனலில் கவிழ்த்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பாட்டிலில் அளந்தால் கழுத்துக்கு இரண்டு விரற்கடை குறையும். இதை நான் எழுதியதும் ஊரில் பலர் பாட்டில் வைத்து அளக்க ஆரம்பித்தார்கள். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் என் சொந்தப் பெயரும் முகவரியும் எழுதி, பக்கத்தில் 'பெயர் வெளியிட வேண்டாம்' என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருப்பேன். பெயர் இல்லாமல் அனுப்பினால் மொட்டைக் கடிதம் என்று குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

ஒரு வாரம் என் கடிதம் ஒரு அரிசி லாரியைப் பற்றியதாக இருந்தது. லாரிக்காரர் அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்க விளம்பரதாரர் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டச் செய்தி வந்தது: ''எடைக்கல்' யார் தெரியுமா?' கீழே என் பெயர், பதவி, பிரிவு. தலைப்பெழுத்தை மட்டும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் டீ கொண்டுவந்த பையன் 'எடைக்கல் சாருக்கு ஒரு டீ' என்று வைத்தான். பதினோரு மணிக்கு வட்டாட்சியர் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பத்திரிகை, காற்றில் பறக்காதபடி அதன்மேல் கண்ணாடிப் பேப்பர்வெயிட். எடைக்கல் மேல் எடைக்கல். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது, அது இன்னும் கெடுதலாகிவிட்டது.

17(பி) மெமோ கொடுத்தார்கள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான பிரிவு அது. ஓராண்டு ஊதிய உயர்வு போயிற்று.

மார்ச் 6, காலை
17(பி) என்று எழுதியதைப் பார்த்து ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டார்: 'கடிதம் எழுதியதற்கெல்லாம் பி போடுவார்களா?' தகரப் பெட்டியைத் திறந்து தாளைத் தேடினேன். அவர் சொல்வதுதான் சரி. 17(ஏ), சிறு தண்டனைக்கான பிரிவு. தண்டனை, கண்டனம் மட்டும். ஊதிய உயர்வு நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் என் மனம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வைத்திருக்கிறது. தியாகி ஆகும் ஆசை யாரை விட்டது.

என் விளக்கக் கடிதத்தின் நகலும் கிடைத்தது. 'மேற்படி செய்தியில் கண்ட தலைப்பெழுத்து என்னுடையதன்று' என்று ஒரு வரி. சங்கத் தலைவர் சொல்லிக்கொடுத்த யோசனை. அதை எழுதியதற்கு இன்று வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மார்ச் 6, இரவு 8.15
நைட்ஜாக்குக்கு வருவோம். முதல் நாள் பாதியில் நிறுத்தியது இது.

நீதிமன்றத்தில் பத்திரிகை என்ன சொன்னது? அவர் எழுதியதில் சிதறிக் கிடந்த துப்புகளையும் எவரும் பார்க்கக்கூடிய தகவல்களையும் பொருத்திப் பார்த்து எங்கள் செய்தியாளர் தம் உழைப்பால் கண்டுபிடித்தார் என்றது. நீதிபதி அந்த அடிப்படையில்தான் தீர்ப்பு எழுதினார். மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ புகுந்திருக்கலாம் என்று காவலர் தரப்புக்குச் சந்தேகம் இருந்தது. எழுப்பினார்கள். பத்திரிகைத் தரப்பு தள்ளிவிட்டது.

உண்மையில் நடந்தது: செய்தியாளர் அவருடைய மின்னஞ்சல் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைந்திருந்தார். விடை முதலில் அங்கேதான் கிடைத்தது. அதற்குப் பிறகே பொதுத் தகவல்களை வைத்து அதே விடைக்கு இன்னொரு வழி போட்டார். கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, நடுவில் படிகளை எழுதி நிரப்பும் பையன் போல. இது வழக்கு விசாரணைக்கு முன்பே பத்திரிகையின் சட்டப் பிரிவு மேலாளருக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை.

2012இல் லெவெசன் விசாரணை நடந்தது. பத்திரிகைகளின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலை ஒட்டி அமைத்தது அது. 'உங்கள் பத்திரிகையில் கணினி அத்துமீறல் நடந்ததுண்டா' என்ற கேள்விக்கு ஆசிரியர் ஜேம்ஸ் ஹார்டிங் கொடுத்த வாக்குமூலத்தில், பெயர் குறிப்பிடாமல், ஒரு சம்பவம் தலைகாட்டியது. அந்தச் சிறு நூலைப் பிடித்து இழுத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் ஆலன் கிரீன் என்ற வழக்குரைஞர். இவரும் 'ஜாக் ஆஃப் கென்ட்' என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதி வளர்ந்தவர். ஒரு ஜாக்குக்கு இன்னொரு ஜாக். பிப்ரவரியில் ஹார்டிங் மறுபடி விசாரணைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார், நீதிபதி ஈடிக்கும் எழுதினார். அக்டோபரில் பத்திரிகை அந்தக் காவலருக்கு 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. 2013 டிசம்பரில் அந்தச் சட்டப் பிரிவு மேலாளரை வழக்குரைஞர் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்திவைத்தது.

இப்போது சொல்லுங்கள், 'நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்ற வாக்கியம் எவ்வளவு தாங்கும்?

மார்ச் 6, இரவு 8.40
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் காவல்துறை அந்தக் காவலருக்குக் கொடுத்தது எழுத்து மூலமான எச்சரிக்கை. பத்திரிகை தன் செய்தியாளருக்குக் கொடுத்ததும் எழுத்து மூலமான எச்சரிக்கை. எனக்கு வந்த கண்டனமும் ஏறக்குறைய அதே சாதி. எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் ஒரே அச்சகத்தில் படிவம் அடிக்கிறார்கள் போலும்.

அந்த வலைப்பதிவு அழிந்தது. அதற்கு இழப்பீட்டில் கணக்கு உண்டா என்று தெரியவில்லை.

மார்ச் 7, காலை
என் நிலைப்பாட்டை ஒரு வரியில் கேட்கிறார்கள். நேற்று இரவு படுக்கும்போது இப்படி இருந்தது: எப்படித் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாத பத்திரிகை, யார் என்றும் சொல்லக் கூடாது.

காலையில் பல் துலக்கும்போதே இடித்தது. என் ஊர்ப் பத்திரிகை என் பெயரை எப்படித் தெரிந்துகொண்டது? நானே எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் கோடு போட்டு. எப்படித் தெரிந்தது என்பதைத் தயங்காமல் சொல்லியிருப்பார்கள். என் விதிப்படி அவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்! விதியைக் கிழித்துப் போடுகிறேன்.

மார்ச் 7, மாலை 4
அமெரிக்காவில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை செய்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஒஹையோ மாநிலம், கிளீவ்லாந்து, 2010. 'தி பிளெய்ன் டீலர்' பத்திரிகையின் செய்திகள் வரும் இணையதளத்தில் 'லாமிஸ்' என்ற பெயரில் யாரோ கருத்துகள் எழுதிவந்தார்கள். ஒரு கருத்து அந்தப் பத்திரிகைச் செய்தியாளர் ஒருவரின் உறவினருடைய மனநிலையைப் பற்றியதாக இருந்தது. அதைக் கண்ட ஆசிரியர் குழுவில் ஒருவர், பதிவு செய்தபோது கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியை எடுத்துப் பார்த்தார். அது உள்ளூர் நீதிபதி ஒருவருடையது. அதே பெயரில் வந்த வேறு கருத்துகளில், அந்த நீதிபதியின் முன் நடந்துகொண்டிருந்த வழக்குகளைப் பற்றியும் இருந்தன. ஒன்று பல கொலைகள் சம்பந்தப்பட்ட மரண தண்டனை வழக்கு, அதில் வாதாடும் வழக்குரைஞரைச் சீண்டியிருந்தது. பத்திரிகை வெளியிட்டது. நான் எழுதவில்லை என்றார் நீதிபதி. சிலவற்றை நான் எழுதினேன் என்றார் மகள். ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், கடைசியில் சமரசம். கொலை வழக்கிலிருந்து நீதிபதியை விலக்கினார்கள்.

இதில் என் மனம் இரண்டாகப் பிளக்கிறது. உயிர் போகும் வழக்கை விசாரிக்கிறவரின் முகவரியிலிருந்து அந்த வழக்கைப் பற்றியே கருத்து வருகிறது என்றால், கூண்டில் நிற்பவனுக்கு அது தெரிய வேண்டாமா? கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் அவர்கள் பெட்டியைத் திறந்தது அதற்காக அல்ல. தங்கள் ஆள் ஒருவரின் குடும்பத்தைத் தொட்ட கருத்துக்காகத் திறந்தார்கள், உள்ளே வேறொன்று கிடந்தது. சாவியோ அவர்கள் கையிலேயே இருந்தது. என் ஊர்ப் பத்திரிகையின் மேசை இழுப்பறையில் என் கடிதங்கள் இருந்ததுபோல. லாரிக்காரரைத் தொடும்வரை அந்த இழுப்பறையும் மூடியேதான் இருந்தது.

மார்ச் 7, மாலை 5
இந்தியச் சட்டம் கேட்டவருக்கு. இதற்கென்று தனிச் சட்டம் தேட வேண்டாம், நம் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வழக்கே இருக்கிறது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்து, அதிகாரிகள் தடுக்கப் பார்த்த விவகாரம். ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, உண்மையாகவே இருந்தாலும் சரி, என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இரண்டு வாசலைத் திறந்தும் வைத்தது: பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம், பொது ஊழியர் தம் பணியில் செய்ததைப் பற்றி எழுதலாம். 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

எடைக்கல் பொது ஊழியர்தான். ஆனால் ராத்திரி சாப்பிட்ட பிறகு கடிதம் எழுதுவது அவர் பணியா? 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளைக் கேட்டால் அரசு ஊழியருக்கு ராத்திரியும் கிடையாது என்கிறது. என் மெமோவில் அந்த விதிகளைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

மார்ச் 8, இரவு
ஒரு பெண் வாசகர் கேட்டது இரண்டு நாளாகக் குடைகிறது. 'நைட்ஜாக் எழுதிய வழக்குகளில் இருந்தவர்களிடம் அவர் சம்மதம் வாங்கினாரா?'

வாங்கவில்லை. பெயர்களை மாற்றினார், இடங்களை மறைத்தார். ஆனால் அவர் எழுதிய சம்பவங்களை உண்மையான வழக்குகளோடு பொருத்திக் காட்ட முடியும் என்பதுதான் பத்திரிகை தன் பக்கத்து நியாயமாகச் சொன்னவற்றில் வலுவானது. செய்தியாளர் செய்த தில்லுமுல்லு அந்த நியாயத்தைப் பொய்யாக்கிவிடாது. வீட்டுக்குள் ஒரு ராத்திரியில் நடந்ததை, விசாரிக்க வந்த காவலர் எழுதுகிறார், ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். பெயர் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்காரிக்குத் தன் வீடு தெரியாதா?

நானும் இதைச் செய்தேன். முதல் கடிதத்தில் கடையின் பெயரோ தெருவின் பெயரோ எழுதவில்லை, நியாயமாக நடந்துகொண்டதாக நினைப்பு. ஆனால் விற்பனையாளரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். [ஒரு வரி நீக்கப்பட்டது.] அந்த ஒரு அடையாளம் போதும், ஊரே அவர்தான் என்று தெரிந்துகொண்டது. அவர் பெண் படித்த பள்ளியில் பிள்ளைகள் அந்தப் பெண்ணைப் 'பாதி லிட்டர்' என்று கூப்பிட்டார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் இருந்தது வட்ட வழங்கல் பிரிவில். ரேஷன் கடைகளின் கோப்புகள் என் மேசையிலேயே இருந்தன. பீப்பாய் வரும்போதே மண்ணெண்ணெய் குறைவாக வருகிறது என்று அந்த விற்பனையாளர் எழுதிக் கொடுத்த மனு ஒன்று அதில் இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். குழிந்த குவளையைப் பற்றி எழுதினேன், மனுவைப் பற்றி எழுதவில்லை. குவளை எழுத நன்றாக இருந்தது.

ஆக, 'எழுதுகிறவன் வழங்கல் பிரிவு ஆள்' என்று பத்திரிகை போட்டது வாசகனுக்குப் பயன்படாத செய்தி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் அதற்காகப் போடவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மார்ச் 9, காலை 6.45
'அப்படியானால் போட்டது சரி என்கிறீர்களா?' இல்லை. 'தவறு என்கிறீர்களா?' பிரிவைப் போட்டிருக்கலாம். 'வழங்கல் துறையோடு தொடர்புடைய ஒருவர்' என்று போட்டிருந்தால் வாசகனுக்குத் தேவையானது அவ்வளவும் போய்ச் சேர்ந்திருக்கும். நைட்ஜாக் பணியில் உள்ள காவலர் என்பதை அவரே எழுதிக்கொண்டுதான் இருந்தார். அதற்கு மேல் பெயர் எதற்கு? பெயரை வைத்து மேலதிகாரி மெமோ எழுதலாம். வாசகன் அதை வைத்து என்ன செய்வான்?

கிளீவ்லாந்தில் அப்படி முடியாது. எந்த நீதிபதி என்று சொன்னால்தான் எந்த வழக்கு என்று தெரியும். அங்கே பெயரே செய்தி.

மார்ச் 9, மாலை
விற்பனையாளரை அப்புறம் பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு. ஒரு முறை, மாற்றலாகிப் போவதற்கு முந்தைய மாதம், அட்டையோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பழைய குவளைக்குப் பதில் புதுக் குவளை. விளிம்புவரை ஊற்றி, நுரை முழுதாக அடங்கும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, குவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடங்கியதும் மேலும் கொஞ்சம் ஊற்றினார்.

மார்ச் 11, இரவு 9
தனி மடலில் ஒருவர் என் ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டார். மாலைப் பத்திரிகை, லாரிக்காரர், காலம் மூன்றையும் வைத்துப் பிடித்தாராம். கெட்டிக்காரர். அவருடைய சித்தப்பா அந்தக் கடையில்தான் ரேஷன் வாங்கினாராம், விற்பனையாளர் யார் என்பது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். 'பெயரை இங்கே போடட்டுமா, அவர் குடும்பம் படித்தால் சந்தோஷப்படுமே' என்று கேட்கிறார்.

போடாதீர்கள். என் பெயரை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஒரு முறை அச்சானதுதான், இந்த முறை தலைப்பெழுத்தைச் சரியாகப் போடுங்கள். 8ஆம் தேதிக் குறிப்பில் ஒரு வரியை இப்போதுதான் எடுத்தேன். அந்த வரியை இதற்குள் படித்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று பக்கம் காட்டுகிறது: 312.